தீபாவளிச் சாக்லேட்: லேபிளைப் படித்தே கொள்முதல் செய்வோம்

தீபாவளிக்குச் சாக்லேட் பெட்டி கேட்போர் பெருகிவிட்டனர். கமிஷன் அதிகம் என்று கிடைத்த சரக்கையெல்லாம் நாம் அடுக்கிவிடலாகாது.

முதலில் லேபிளைப் பார்ப்போம். சேர்மானங்களில் எடை கூடியது முதலில் வர வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதலில் நின்று, கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு இருந்தால் அது 'காம்பவுண்ட்' சரக்கே. 70 சதவீதக் கோகோ உள்ள டார்க் சாக்லேட்டில், 100 கிராமுக்குச் சர்க்கரை 30 கிராமைத் தாண்டாது. பால் சாக்லேட்டிலோ ஏறக்குறைய பாதி சர்க்கரை. கசப்பை விரும்பாதவர்களுக்குப் பாதாம், கடலை சேர்ந்ததைக் காட்டலாம். 'சர்க்கரை இல்லாதது' என்றாலும் கொழுப்பு உண்டு. நீரிழிவுக்காரரிடம் மருந்துபோல் சொல்லி விற்கக் கூடாது.

நல்ல சரக்கு விலை கூடுதல்தான். பெரிய பெட்டிக்குப் பதில் சிறிய பெட்டியாக வைத்தால் அதுவும் விற்கும். பண்டிகை ஒரு நாள். வாடிக்கை வருடம் முழுவதும்!