சம்பளச் சீட்டே நம் முதல் பாடப் புத்தகம்

"படிக்கிற வயசுல படிக்கல. இனிமே என்னத்தப் படிச்சி என்ன ஆகப் போவுது?"

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் 'இரவு வகுப்பு' என்று வாயெடுத்தாலே நமக்குக் கிடைக்கும் பதில் இதுதான். இப்படிச் சொல்கிறவரைச் சோம்பேறி என்று யாரும் எண்ண வேண்டாம். விடியற்காலைப் பனியில் மலையேறி, கொழுந்தெடுத்து, நிறுவைக்குச் சுமந்து வந்து, வீடு திரும்பி அடுப்பும் மூட்டுகிறவர் அவர். குறை, பாடம் நடத்தப் போன நம்மிடந்தான் இருந்தது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் நாம் வகுப்பு தொடங்கினோம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சியில் பெரியவர்களை உட்கார வைத்து, சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தையே கையில் கொடுத்து, "அணில், ஆடு" என்று கூட்டாகச் சொல்லச் சொன்னோம். முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். மூன்றாம் வாரம் மூன்றே பேர். நின்றுவிட்ட ஓர் அம்மாவிடம் காரணம் கேட்டோம்.

"ஆட்ட எனக்குத் தெரியாதா தம்பி? சம்பளச் சீட்டுல மாசா மாசம் என்னமோ புடிக்கிறாங்களே, அதப் படிக்கச் சொல்லிக் குடு, வாரேன்" என்றார்.

நெற்றியில் அடித்தாற்போல் இருந்தது நமக்கு. மறுவாரம் அணிலும் ஆடும் போயின. ஒரு பெரிய அட்டையில் சம்பளச் சீட்டை அப்படியே எழுதிச் சுவரில் மாட்டினோம். 'காஜி' என்றால் சம்பளம், 'பொத்தோங்கான்' என்றால் பிடித்தம். வாயால் தினமும் சொல்லும் மலாய்ச் சொற்கள்தாமே! எழுத்துத்தான் புதிது. அடுத்தது கணக்கு. 2025 பிப்ரவரி முதல் சட்டப்படிக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஊழியர் சேமநிதிக்கு அதில் தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11, அதாவது 187 வெள்ளி. முதலாளி பங்கு நூற்றுக்கு 13, அதாவது 221 வெள்ளி. இந்தக் கணக்கை இப்போது நம் வகுப்புப் பெண்கள் விரல்விட்டுச் சொல்கிறார்கள். தாம் வாங்காத ஒன்றுக்குப் பிடித்திருந்ததைக் கண்டுபிடித்து, நேரே கிராணியிடம் போய்க் கேட்டுத் திருத்திக்கொண்டவரும் உண்டு. அதற்குப் பிறகு வகுப்புக்கு வாருங்கள் என்று யாரையும் நாம் கெஞ்சவில்லை.

இது நாம் கண்டுபிடித்த புதுமை இல்லை. பிரேசில் நாட்டில் பாவ்லோ பிரெய்ரே என்ற ஆசிரியர், 1963இல் அங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ முந்நூறு உழைப்பாளிகளுக்குச் சுமார் 40 மணி நேர வகுப்பில் எழுத்தறிவு கொடுத்தார். உழைப்பாளியின் வாயில் புழங்கும் சொல்லையே முதல் பாடமாக வைப்பது அவர் முறை. செங்கல் என்ற சொல்லை எழுதக் கற்கும்போதே, செங்கல் சுமப்பவனுக்கு ஏன் சொந்த வீடில்லை என்ற பேச்சும் எழும்.

நம்மவர் சீமையிலும் நடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்க வழிசெய்தார். வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால், பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்து நின்றவள் தன் காலால் மிதித்துப் போனபோது, 'நம்மால் முடியும்' என்ற எண்ணம் பிறந்தது. அது பிறந்துவிட்டால் எழுத்து தானே வரும். குத்தகைக்காரரிடம் கல்லுடைத்த பெண்கள், குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்ததும் அந்த மாவட்டத்தில்தான்.

ஆகவே, வகுப்பு நடத்த முன்வரும் இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இவ்வளவே.

பெரியவர்களைப் பிள்ளைகளைப்போல் அதட்டாதீர்கள். வட்டமாக உட்காருங்கள். ஒரு பாடம் நீங்கள் சொன்னால், ஒரு பாடம் அவர்களிடம் கேளுங்கள். எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது, எதை விடுவது என்பதில் அவர்தாம் வாத்தியார்.

எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள். நாற்பது வயதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்கும். கண்ணாடி இல்லாத குறையை நாம் மூளைக் குறையாக எண்ணி எத்தனை பேரை விரட்டியிருக்கிறோமோ!

நேரத்தை அவர்களே குறிக்கட்டும். வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் போதும். பெண்கள் வகுப்பில் இருக்கும் நேரம் ஆண்கள் அடுப்பைப் பார்த்தால் குடி முழுகிப் போகாது.

முதல் நாளே பயன் தெரிய வேண்டும். வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தன் பெயரையாவது எழுதத் தெரிந்து போகட்டும்.

தோழர்களே! தாய்மார்களே! என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பெருவிரலை மையில் தொட்டு வைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அந்தக் கைநாட்டினால் இழந்தது எவ்வளவு என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. சங்கம் உங்களுக்காக வாதாடும். ஆனால் உங்கள் சீட்டில் இருப்பதை உங்கள் கண்ணே படித்தால்தான், வாதாட வேண்டியது இன்னதென்று சங்கத்துக்கும் தெரியும்.

வருகிற சம்பள நாளில் சீட்டை மடித்து மடியில் செருகிவிடாதீர்கள். வகுப்புக்கு எடுத்து வாருங்கள். அதில் உள்ள முதல் சொல்லிலிருந்து தொடங்குவோம்.