பல்கலைக்கழக ஆய்வகங்களின் உயிரியல் பாதுகாப்பு: வடசென்னையிலிருந்து எங்கள் நிலைப்பாடு

வடசென்னைக்கு ஆய்வகங்கள் வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்கள் வாயைத் திறப்பதே எதையாவது மூடச் சொல்லத்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. ராயபுரத்தை ஒட்டி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை வளர வேண்டும், எங்கள் பிள்ளைகள் அங்கே படிக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பாதுகாப்பு விதிகள் யாரைக் காக்க என்று கணக்கெடுக்கும்போது, ஆய்வகக் கழிவைத் தூக்கிச் செல்பவரையும் மதிலுக்கு அந்தப்பக்கம் குடியிருப்பவரையும் சேருங்கள்.

விதிகளுக்குக் குறைவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், ஆபத்தான நுண்ணுயிரிகளையும் மரபணு மாற்றிய உயிரிகளையும் கையாள்வதற்கான விதிகள் 1989 டிசம்பரிலேயே வந்துவிட்டன. நிறுவனத்துக்குள் ஓர் உயிரியல் பாதுகாப்புக் குழு வேண்டும் என்பது அதில் உண்டு. உயிரித் தொழில்நுட்பத் துறை 2017-இல் விரிவான வழிகாட்டுதல் தந்தது. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் மருத்துவமனைகளோடு ஆய்வு, கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன.

சிக்கல் ஆய்வக மேசையில்தான். பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரை பாட்டிலில் பிடித்துவந்து அகர் பிளேட்டில் வளர்ப்பது எம்.எஸ்ஸி. மாணவர் செய்யக்கூடிய சாதாரண புராஜெக்ட். ‘இதில் மரபணு வேலை எதுவும் இல்லை, குழு, அனுமதி எல்லாம் நமக்கு எதற்கு’ என்று துறையில் தட்டிக்கழிப்பது எளிது. சாக்கடை கலந்த தண்ணீரில் எது வளரும் என்று யாருக்குத் தெரியும்? மருந்துக்கு அடங்காத கிருமியும் வளரலாம். சொல்லப்போனால் அதைத் தேடித்தான் புராஜெக்டே.

வேலை முடிந்த பிளேட்டுகள், அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போகும். அகர் ஊடகத்தைக் கிருமிநீக்கம் செய்ய 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்பது வழக்கம். மாணவர் கைக்குப் பழகிய கணக்கு அது. கழிவுக்கு, வெற்றிட வசதி இல்லாத சாதாரண ஆட்டோகிளேவில், 2016 விதிகள் சொல்வதோ அதே சூட்டில், 15 பவுண்டு அழுத்தத்தில், குறைந்தது 60 நிமிடம். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் பஸ் பிடிக்க நிற்பவருக்கு அந்த முக்கால் மணி நேரம் பெரிய பாரம். பை மேல் ஒட்டிய, சூடு பட்டால் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடலாம். ஆனால் வெளியே சூடு ஏறியது என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அமுக்கி அடைத்த பிளேட் அடுக்கின் நடுவே நீராவி எட்டியதா என்பதை, சூட்டுக்கு எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துச் செய்யும் ஸ்போர் சோதனைதான் காட்டும். அதை வாரம் ஒருமுறை செய்து, முடிவைப் பதிவேட்டில் கையெழுத்தோடு எழுத வேண்டும் என்கிறோம்.

மறுநாள் காலை அந்தப் பையைத் தூக்குகிறவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். கழிவைக் கையாளும் எல்லோருக்கும் பயிற்சியும், ஹெபடைடிஸ்-பி, டெட்டனஸ் தடுப்பூசியும் தர வேண்டும் என்கிறது அதே 2016 விதி. சம்பளம் தருவது ஏஜென்சி என்பதால் அவர் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடக் கூடாது.

ஆய்வகத்துக்குள் வேலை செய்யாதவருக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சம்பவங்கள். 1978-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல் மாடியில் இருந்த புகைப்படக்காரர் ஜேனட் பார்க்கர், அந்நோயால் இறந்தார். கிருமி எந்த வழியாக அவரை எட்டியது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 2010-இல் தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, பல ஆண்டுகள் சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை ஏலம் விட்டது. அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குப் போய், பிரிக்கப்பட்டு, ஒருவர் உயிர் போனது. அது கிருமி அல்ல, கதிர்வீசும் கோபால்ட். ஆனால் போன பாதை எங்களுக்குத் தெரிந்த பாதை. எங்கள் பக்கம் காயலான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கல்லூரியில் கழித்துக்கட்டிய இன்குபேட்டரும் பிரீசரும் அங்கேதான் வந்து சேரும். கிருமிநீக்கம் செய்தோம் என்று பொறுப்பாளர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் எந்த ஆய்வகக் கருவியும் ஏலத்துக்குப் போகக் கூடாது.

2023 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். இரண்டும் ஆய்வக விபத்துகள் அல்ல. ஆனாலும் அதுபோன்ற நாள் மறுபடி வரலாம் என்பதால், வெள்ளம், மின்தடை இரண்டையும் மனதில் வைத்து ஒவ்வோர் ஆய்வகமும் திட்டம் எழுத வேண்டும்: தரைத்தளத்தில் கிருமி இருப்பு வைப்பதா, ஜெனரேட்டர் எங்கே, அக்கம்பக்கத்துக்கு யார் சொல்வது.

நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவில் விஞ்ஞானிகளும் ஒரு மருத்துவரும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதியும் இருக்கிறார்கள். ஊர்க்காரருக்கு இடமில்லை. அமெரிக்காவில் இதே போன்ற குழுவில், நிறுவனத்தோடு தொடர்பில்லாத, சுற்றுவட்டாரத்தின் நலனைப் பேசும் இருவராவது இருந்தாக வேண்டும். அங்கே கேம்பிரிட்ஜ் நகரில் 1976-இல் ஹார்வர்டின் மரபணு ஆய்வு பற்றிச் சர்ச்சை எழுந்தபோது, நகரசபை சாதாரணக் குடிமக்களைக் கொண்ட குழுவை அமைத்தது. அவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டு, கூடுதல் கட்டுப்பாடுகளோடு ஆய்வு நடக்கட்டும் என்றார்கள். படிக்காத சனம் பயந்து தடுத்துவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

இங்கேயும் இரண்டு நாற்காலி போடுங்கள். ஒன்று சுகாதாரப் பணியாளருக்கு, ஒன்று பக்கத்துத் தெருவுக்கு. ஆண்டுதோறும் ஜூன் 30-க்குள் கழிவு பற்றிய ஆண்டறிக்கையை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் அல்லவா? அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, கல்லூரி வாசலில் வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள் என்று பதிவாளர்களையும் முதல்வர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.