தராசு நம் கையில் வேண்டும்

தோழர்களே, மலையில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கிலோவைக் கழிக்கிறார்கள். சண்டை பிடிக்கிறோம். லயத்துக்குப் பின்னால் நாம் விளைவித்த கரட்டை நிறுக்கும் லொறிக்காரரும் மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிக்கிறார். அங்கே மட்டும் ஏன் வாய் மூடி நிற்கிறோம்?

கடன்! விதையும் உரமும் அதே முதலாளி தந்தது. கரட் விளைய மூன்று மாதம், லீக்ஸுக்கு அதைவிடக் கூட. அதுவரை அவர் கைதான் நமக்குக் கதி. விலையும் அவர் சொன்னதுதான்.

வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்கிறார்கள். நம்மிடம் ஏது? தொரை "இடத்தை விடு" என்றால் பயிரோடு விட வேண்டியதுதான். 2023இல் மலையகம் 200 என்று விழா எடுத்தார்கள். காட்டை மலைத்தோட்டமாக்கிய சனத்துக்குப் பத்துப் பாத்திக்கும் ஒரு காகிதம் இல்லை.

"மரக்கறி வீட்டு விஷயம், சங்கத்துக்கு என்ன வேலை?" என்கிறார்கள் சிலர். சம்பளம் போதாததால்தானே வேலை முடிந்தும் மண்வெட்டி பிடிக்கிறோம்? அப்படியானால் இதுவும் சங்கத்தின் வேலைதான்.

லயத்துக்கு ஒரு தராசு சேர்ந்து வாங்குவோம். லொறி வருமுன் நாமே நிறுத்து எழுதி வைப்போம். விலையை ஒன்றாக நின்று பேசுவோம். பயிர் செய்யும் நிலத்துக்கு எழுத்தில் உரிமை கேட்போம். இந்த மாதமே தோட்டக் கமிட்டியில் பெயர் கொடுங்கள்.