பிரமாதம் என்று ஒரு சொல்

'எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் உயிர்.' நம் எழுத்தாளர் வட்டத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் அநேகமாக இல்லை. நானும் இருபது வருஷமாகச் சொல்லி வந்தவன். வாக்கியத்தின் முதல் பாதி அடக்கம் போலத் தோன்றும். உண்மையில் அது முன்ஜாமீன். பின்பாதிக்கு யாரும் கணக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது. சென்ற சாரல் காலத்தில் என்னிடம் ஒருவன் கணக்குக் கேட்டுவிட்டான். இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

குற்றாலத்துக்கு வந்திருந்த எழுத்தாள நண்பர்கள் மூவர், பாரதி இருந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்று கடையத்துக்கு வந்தார்கள். 1918இன் கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்து, செல்லம்மாளின் ஊரான இங்கே பாரதி வந்து சேர்ந்தது, 1920 வரை இருந்தது எல்லாம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாலையில் மலையடிவாரத்து நித்யகல்யாணி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். யாருடைய உபயமோ, பக்கத்து ஊர் இளைஞன் ஒருவன் நாயனம் வாசித்துக்கொண்டிருந்தான். தோடி. பிராகாரத்தில் உட்கார்ந்தோம்.

'ராஜரத்தினத்துக்கு அப்புறம் தோடி ஏது?' என்று ஒரு நண்பர் ஆரம்பித்தார். அதன் பிறகு அரைமணி நேரம் ராஜரத்தின புராணம். கிராப்பு வைத்துக்கொண்ட கதை, கோபித்துக்கொண்டு கச்சேரியிலிருந்து எழுந்த கதை. இன்னொருவர் காருகுறிச்சி அருணாசலத்துக்கு வந்தார். மூன்றாமவர், உலக இசை கேட்கிறவர், அங்கிருந்து கிளென் கூல்டுக்குத் தாவினார். கூல்டின் குட்டை நாற்காலி, கோடையிலும் கழற்றாத கோட்டு, பாக்கை வாசிக்கும்போது கூடவே முணுமுணுக்கும் குரல். தோடி எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நானும் என் பங்குக்கு இரண்டு கதைகள் சொன்னேன்.

பூஜை முடிந்து கிளம்பும்போது அந்த இளைஞன் என்னிடம் வந்தான். பழக்கமானவன். "எப்படி இருந்துது அண்ணாச்சி?" என்றான். "பிரமாதம் தம்பி" என்றேன். "பஞ்சமத்தத் தொடாமலே சுத்திச் சுத்தி வந்தேன். கடைசீல ஒரே ஒரு தடவ போய் நின்னேன். கவனிச்சீயளா?"

நான் கவனிக்கவில்லை. பஞ்சமம் எது என்று தெரியாததால் கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நான் கேட்கவே இல்லை.

இதை நண்பர் ஒருவருக்கு எழுதினேன். ரசனைக்கு இலக்கணம் வேண்டியதில்லை, ஸ்வரம் தெரிந்தவன்தான் தோடியை அனுபவிக்கலாம் என்றால் அது பண்டிதத்தனம் என்று பதில் வந்தது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஸ்வரத்தின் பெயர் யாருக்கும் தெரிய வேண்டாம். ஆனால் ஒருவன் ஒரு வாசலுக்கு எதிரே அரைமணி நேரம் போய்ப் போய்த் திரும்பி, கடைசியில் உள்ளே காலடி வைத்தான் என்பதை உணர இலக்கணம் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்தக் குறைந்தபட்சத்தைக்கூடச் செய்யாமல் அனுபவம், அனுபவம் என்று பேசுவதைத்தான் நான் தாக்குகிறேன்.

இலக்கியத்தில் நாம் இப்படி இருந்தவர்கள் இல்லை. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கிய நாளிலிருந்து, கதை நன்றாயிருக்கிறது என்றால் எந்த இடத்தில், எதனால் என்று காட்டச் சொல்லிச் சண்டை போட்ட பரம்பரை நம்முடையது. க.நா.சு.வின் பட்டியல்களையே, அவருடைய படிப்பை மதித்துக்கொண்டே, கேள்வி கேட்டோம். அதே ஆட்கள் சங்கீதம் என்று வந்ததும் பட்டியல்காரர்களாகிவிடுகிறோம். ராஜரத்தினம், காருகுறிச்சி, கூல்ட். பெயரைச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டால் விமர்சனம் முடிந்தது.

கூல்ட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1741இல் அச்சான பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் இரண்டு கட்டை வரிசைகள் உள்ள ஹார்ப்ஸிகார்டுக்காக எழுதப்பட்டது. ஒரு ஏரியா, முப்பது மாறுபாடுகள், மறுபடி அதே ஏரியா. கூல்ட் அதைப் பியானோவில் 1955இல் பதிவு செய்தார். சுமார் 38 நிமிஷம். மறுபடி 1981இல், சுமார் 51 நிமிஷம். அடுத்த வருஷம் ஐம்பது வயதில் இறந்துபோனார். நம்மவர்களுக்கு இது போதும். இளமையின் வேகம், மரணத்தின் வாசலில் கனிந்த நிதானம் என்று நானே ஒரு கூட்டத்தில் உருகிப் பேசியிருக்கிறேன். பாக் ஒவ்வொரு பாதியையும் திருப்பி வாசிக்கும்படி குறித்திருக்கிறார். 1955இல் கூல்ட் எதையுமே திருப்பவில்லை. 1981இல் சில இடங்களில் முதல் பாதியைத் திருப்பி வாசிக்கிறார். கனிந்த நிதானம் என்று நான் உருகிய பதிமூன்று நிமிஷத்தில் ஒரு பங்கு, வாசித்ததையே மறுபடி வாசித்த நேரம். ஏரியா மிகவும் மெதுவாகத்தான் போகிறது, அது நிஜம். ஆனால் எது மெதுவானது, எது திரும்பி வந்தது என்று பிரித்துக் கேட்காதவன் கூல்டின் நிதானத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை? இத்தனைக்கும் கைதட்டலையே தடை செய்ய வேண்டும் என்று 1962இல் கட்டுரை எழுதியவர் அவர். 1964இல் மேடையையே விட்டு விலகினார். அவருக்குத்தான் நாம் கைதட்டிக்கொண்டிருக்கிறோம், நாற்காலியைப் பார்த்து.

ராஜரத்தினத்துக்கும் இதே கதிதான். திமிரி நாயனத்தில் சுத்த மத்தியமம் சரியாகப் பேசாது. வாசிப்பவன் உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்ட வேண்டும். தோடிக்கு உரியது சுத்த மத்தியமம். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியோடு சேர்ந்து, அந்த ஸ்வரம் சுத்தமாகப் பேசும் நீண்ட பாரி நாயனத்தை ராஜரத்தினம் உருவாக்கிக்கொண்டார். அந்தத் தோடி ஒரு மேதையின் நெஞ்சிலிருந்து வந்தது என்கிறோம். ஆச்சா மரத்தில் ஓர் ஆசாரி போட்ட துளையிலிருந்தும் வந்தது. புராணத்தில் ஆசாரிக்கு இடமில்லை. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதாவது நம்மில் யாராவது இதைப் பேசினோமா?

இதில் இசைத்தட்டுக்கும் பங்கு உண்டு. மணிக்கணக்கில் விரிந்த ராகம், பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் என்று தட்டில் அடங்கியது. அடங்கியது தவறில்லை, அது இல்லாவிட்டால் 1956இல் மறைந்தவரை நாம் கேட்டிருக்கவே முடியாது. ஆனால் அந்த நிமிஷங்கள் வேதமாகிவிட்டன. ஆலாபனை எழுதி வைத்ததை வாசிப்பதில்லை. அன்றைக்கு அங்கே பிறப்பது. அதை ஒரு பிரதியாக்கி, இனி வருகிற ஒவ்வொருவனையும் அதன் பக்கத்தில் நிறுத்தி மட்டம் தட்டுகிறோம். எந்த ஊருக்குப் போனாலும் வித்வான்கள் அதே சில கீர்த்தனைகளைத்தான் பாடுகிறார்கள் என்று பாரதி சங்கீதத்தைப் பற்றிய தன் கட்டுரையில் குறைப்பட்டார். இன்று வாசிப்பவன் புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கிறான். அதே பழைய தோடியைக் கேட்டு அடம் பிடிப்பது நாம்.

காருகுறிச்சி எங்கள் ரயில் பாதையில் இருக்கிற ஊர். கீழக்கடையத்தில் ஏறினால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டி காருகுறிச்சி. ராஜரத்தினத்தின் சீடர் அருணாசலம் 1964இல் மறைந்தார். நாற்பத்து மூன்று வயதைத் தாண்டவில்லை. தெற்கத்திக் கோயில்களிலும் கல்யாணங்களிலும் அவர் வாசித்த ராகங்களை எல்லாம் மறந்து, 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியோடு வாசித்த ஆபேரிப் பாட்டு ஒன்றை அவர் பெயராக்கிவிட்டோம். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். ஜனங்கள் சிவாஜியின் கன்னத்தை வியந்தார்கள். ஜனங்களை நாம் பாமரர் என்றோம். நாற்காலியையும் கிராப்பையும் வியக்கும் நம்மை என்னவென்று சொல்வது?

இது வெறும் ரசனைத் தகராறு என்றால் இவ்வளவு கோபம் எனக்கு வந்திராது. சென்னை சபைகளில் நாயனம் பெரும்பாலும் மங்கள இசை, அதாவது நாற்காலிகள் நிரம்புவதற்கு முன்னால். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் மலையாளத்துச் செண்டை மேளம் வந்துவிட்டது. நாயனக்காரனுக்கு மிஞ்சியிருப்பது கோயில் பிராகாரமும், எப்போதாவது அங்கே வந்து உட்காரும் நம்மைப் போன்ற நாலு பேரும். அந்த நாலு பேரும் இறந்தவர்களைப் புகழ்வதில் மும்முரமாக இருந்தால், பஞ்சமத்தை அவன் யாருக்காக ஒளித்து வைப்பான்? ராஜரத்தினத்தின் மீது நாம் காட்டும் பக்தி, உயிரோடு வாசிப்பவனைக் கேட்காமலிருக்கக் கிடைத்த கௌரவமான சாக்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி இந்தப் பக்கங்களில் சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவர், கேட்ட ஓர் இடத்தை, ஒரே ஓர் இடத்தை, தனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால் எழுத வேண்டாம். நானும் அதுவரை எழுதப்போவதில்லை. அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறேன்.