'பிசியோதெரபி தொடரவும்': டிஸ்சார்ஜ் பேப்பரின் அந்த ஒரு வரிக்கு யார் பொறுப்பு?

பக்கவாதம் வந்த ஒருவர் பிழைத்து வீடு திரும்பும்போது கையில் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். மாத்திரைகள், ரிவ்யூ தேதி எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். கடைசியில் ஒரு வரி: 'பிசியோதெரபி தொடரவும்'. எங்கே, யாரிடம், வாரத்துக்கு எத்தனை நாள்? பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. அந்த வரி ஒரு அப்பாயின்ட்மென்ட்டாக மாறணும். உயிரைக் காப்பாற்றிய சிகிச்சை அப்போதுதான் முழுமையாகும்.

முதல் சில மாதங்கள் ஏன் முக்கியம்?

பக்கவாதத்தில் இறந்துபோகும் மூளை செல்கள் திரும்ப வராது. ஆனால், மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு ஒரே வழி, திரும்பத் திரும்பப் பயிற்சி. முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் 3 முதல் 6 மாதங்களில் நடக்கிறது. பிறகும் முன்னேறலாம், வேகம்தான் குறையும்.

அந்த மாதங்களை 'நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்' என்று படுக்கையிலேயே கழித்தால் மூட்டுகள் இறுகும், படுக்கைப்புண் வரும், காலில் ரத்தம் உறையலாம். பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்பட்டை மூட்டு இறங்கி, வலி மாதக்கணக்கில் நீடிக்கும்.

அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்கவைப்பதும் தப்பு. ஆஸ்திரேலியா, பிரிட்டன் உள்ளிட்ட 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த 'அவர்ட்' ஆய்வு 2015-ல் வெளியானது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அதிக அளவில் எழுப்பி நடக்கவைத்தவர்களுக்கு 3 மாதம் கழித்துப் பலன் குறைவாகவே இருந்தது. எப்போது, எவ்வளவு என்பதை முடிவு செய்யத் தெரிந்த ஆள் வேண்டும்.

வீட்டிலேயே பார்த்துக்கக் கூடாதா?

நம்ம ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்கு இந்தியாவிலேயே பதில் இருக்கிறது. 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடந்த 'அட்டெண்ட்' ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவர் மூலம் மறுவாழ்வுப் பயிற்சி தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 6 மாதம் கழித்து இரண்டு பிரிவிலும் இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்திருந்தவர்கள் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை.

குடும்பத்தின் அக்கறை வீண் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. பக்கத்தில் ஆள் இல்லாமல் யாரும் எழுந்து நடக்கப் போவதில்லை. ஆனால், பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டிய வேலையை மனைவி, மகள், மருமகள் தலையில் கட்டிவிட்டு, சிஸ்டம் கை கழுவ முடியாது.

மறுவாழ்வு மையம் என்றால் பிசியோ மட்டுமா?

இல்லை. சட்டை பட்டன் போட, சாப்பிடப் பழக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஸ்பீச் தெரபிஸ்ட், தொங்கிப்போன பாதத்துக்கு ஸ்ப்ளின்ட் செய்பவர், இவர்களை ஒருங்கிணைக்க ஒரு டாக்டர். 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வீல்சேரில் இருந்தபடியே பணியாற்றினார். அவரது முயற்சியில் வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு நிறுவனம் 1966-லேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு இது புது விஷயம் இல்லை. ஆனால் அது எல்லா ஊருக்கும் போய்ச் சேரவில்லை.

கடலூர், சிதம்பரத்தில் நிலைமை என்ன?

கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது சிதம்பரத்தில். அண்ணாமலை நகரில் இயங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரிதான் 2021-ல் சுகாதாரத் துறைக்கு மாறியது. மாவட்டத் தலைமை மருத்துவமனை கடலூரில். இரண்டுக்கும் நடுவே 40 கிலோமீட்டருக்கு மேல். இரண்டுமே மாவட்டத்தின் கிழக்குப் பக்கம். மேற்கே விருத்தாசலம் தாண்டி திட்டக்குடியில் இருப்பவர் வாரம் 3 நாள் எப்படி வருவார்? நடக்க முடியாதவரை நடக்கப் பழக்க பஸ் படி ஏறி வரச் சொல்கிறோம். கூட வருபவரின் அன்றைய கூலியும் போகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. சரியான யோசனை. ஆனால் பிசியோதெரபிஸ்ட்கள் வட்டார அளவில்தான் பணியாற்றுகிறார்கள். ஒரு வட்டாரத்தில் எத்தனை கிராமங்கள் என்று யோசித்தால், ஒரு நோயாளிக்கு எத்தனை முறை வர முடியும் என்பது புரியும்.

உலக வங்கி 2022-ல் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்த 'உரிமைகள்' திட்டமும் இருக்கிறது. அதன் முதல் கட்ட மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. தெரபி சேவைகளை மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவரும் 'விழுதுகள்' மையங்கள் இதன் பகுதி. ஆனால் இது மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டமாகவே அறியப்படுகிறது. போன மாதம் வரை வயலுக்குப் போன அப்பாவை எந்தக் குடும்பமும் அப்படி யோசிக்காது. அவர்கள் அந்தக் கதவைத் தட்டுவதற்குள் முக்கியமான மாதங்கள் போய்விடும்.

என்ன மாறணும்?

டிஸ்சார்ஜ் அன்றே நோயாளியின் பெயர் அவரது வட்டார பிசியோதெரபிஸ்ட்டுக்கும் அருகிலுள்ள மையத்துக்கும் போகணும். முதல் அப்பாயின்ட்மென்ட் தேதி சம்மரியிலேயே இருக்கணும். தூரத்தில் இருப்பவர்களுக்கு வேன் வேண்டும். எத்தனை பேரைக் காப்பாற்றினோம் என்பதோடு, 6 மாதம் கழித்து எத்தனை பேர் தானாக எழுந்து பாத்ரூம் போகிறார்கள் என்றும் அரசு கணக்கு எடுக்கணும். எண்ணப்படாத விஷயத்துக்கு நிதி வராது.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை, அப்பா அம்மா ஊரில் என்று இருப்பவர்கள் இப்போதே ஒன்று செய்யலாம். உங்கள் மருத்துவக் காப்பீட்டில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு பற்றிய பகுதியைப் படியுங்கள். எத்தனை நாள், பிசியோதெரபி சேருமா என்று கேளுங்கள். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், 'அடுத்த தெரபி எங்கே, எந்தத் தேதியில்?' என்று கேட்காமல் வராதீர்கள்.