அம்பு நகரவில்லையா? அவசரப்படாதீர்கள்!

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் தஞ்சை விவசாயி என்ன செய்வார்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவார். முதலில் மடையைப் பார்ப்பார். பிறகு வாய்க்காலைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மதகு. எடுத்த எடுப்பில், "காவிரியே வறண்டு விட்டது" என்று சொல்ல மாட்டார்.

இதே நிதானம், வீட்டுக்கு வந்திருக்கும் புதிய லேப்டாப் விஷயத்திலும் வேண்டும்.

லேப்டாப் இப்போது பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல. 2011 செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அதைப் பெற்றார்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு 2 ஆண்டுகளில் கணினி வழங்கப்படும் என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. குறுவை நெல் விற்ற பணத்தில் மகளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுக்கும் தகப்பனார்களும் உண்டு.

பெட்டியைப் பிரித்த சில நாளில் ஒரு தொல்லை வருகிறது. திரையில் உள்ள அம்புக்குறி நகர மறுக்கிறது. எழுத்து விசைகளுக்குக் கீழே விரலால் தடவும் பலகை இருக்கிறதே, அதற்கு டச்பேட் என்று பெயர். தடவுகிறார்கள், தட்டுகிறார்கள். பலன் இல்லை.

"கெட்டுப் போச்சு!" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள். லேப்டாப் பீரோவுக்குப் போகிறது. பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இல்லாவிட்டால் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

இது தேவை இல்லை. பல நேரங்களில் கருவி கெடவில்லை. மடைதான் அடைத்திருக்கிறது!

எதைப் பார்ப்பது?

முதலில் விரலைப் பாருங்கள். ஈரம், எண்ணெய், வியர்வை இருந்தால் டச்பேட் தடுமாறும். விரலில் உள்ள நுண்ணிய மின் தன்மையை உணர்ந்துதான் அது வேலை செய்கிறது. கையையும் பலகையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மேலே ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் எடுத்து விடுங்கள்.

அடுத்து, சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால், சார்ஜ் ஏறும்போது அம்பு துள்ளும். சில சமயம் நின்றும் போகும். பிடுங்கியதும் சரியானால், லேப்டாப்பின் மீது குற்றம் இல்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மேல் வரிசை விசைகள். எஃப்1 முதல் எஃப்12 வரை உள்ளவற்றில், டச்பேட் படம் போட்ட விசை சில லேப்டாப்பில் இருக்கும். எழுதும்போது கை தவறி அதில் பட்டால் டச்பேட் அணைந்து விடும். மறுபடி தட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால், 'எஃப்என்' என்ற விசையை அழுத்திக்கொண்டே தட்டுங்கள்.

நான்காவது, தனி மவுஸ். மவுஸ் செருகினால் டச்பேட் தானாக அணையும்படி சிலவற்றில் ஏற்பாடு உண்டு. மவுஸைக் கழற்றிப் பாருங்கள். மவுஸே ஓடவில்லை என்றால் வேறு துளையில் செருகுங்கள். வயர் இல்லாத மவுஸ் என்றால், பாட்டரியையும் அடியில் உள்ள சுவிட்சையும் பாருங்கள். கண்ணாடி மேஜையில் பல மவுஸ்கள் ஓடா. ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் வையுங்கள்.

கடைசியாக, கன்ட்ரோல் விசையுடன் 'எஸ்' தட்டி, எழுதியதைச் சேமியுங்கள். பிறகு பவர் பொத்தானை அணையும் வரை அழுத்திப் பிடித்து, மறுபடி போடுங்கள்.

பணம் கொடுக்காதீர்கள்!

இத்தனைக்கும் அசையவில்லையா? அப்போது பழுதாக இருக்கலாம். ஆனால், திருப்புளியை எடுக்காதீர்கள். தெரிந்தவர் என்று யாரிடமும் கொடுத்துப் பிரிக்கவும் வேண்டாம். வாரண்டி போய்விடக் கூடும். வாங்கிய கடைக்கு ரசீதுடன் செல்லுங்கள். புதுக் கருவியில் தானாக வந்த பழுதுக்கு வாரண்டிப்படி தயாரித்த நிறுவனம் பொறுப்பு. தட்டிக் கழித்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பம்புசெட் நின்றால் பியூஸைப் பார்க்க நாம் கற்றுக்கொள்ளவில்லையா? அது போலத்தான் இதுவும்.

விற்பவர்களுக்கும் வழங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டிக்குள் ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. அதோடு பெரிய எழுத்தில் ஒரு தமிழ்த் தாளும் வையுங்கள். மேலே சொன்ன ஐந்தையும் அச்சடிக்க ஒரு பக்கம் போதும். செலவு சில காசுதான். அந்தத் தாள் இருந்தால், எத்தனையோ லேப்டாப் பீரோவுக்குப் போகாது!