கட்டை விரலைக் கொடுத்த சிறுவன்

அண்ணன் வாங்கி வந்த இசைத்தட்டு அது. தம்பிக்கு அப்போது 11 வயது.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கன்சாஸ் சிட்டிக்குப் பக்கத்தில் லீஸ் சம்மிட் என்றொரு ஊர். அங்கே இருந்த மெத்தீனி வீட்டை 'டிரம்பெட் வீடு' என்றே சொல்லிவிடலாம். தாத்தா வாசித்தது டிரம்பெட். அப்பா டிரம்பெட். அண்ணன் மைக்கும் டிரம்பெட். இளையவன் பாட் மெத்தீனி கையிலும் 8 வயதில் அதையேதான் கொடுத்தார்கள்.

டிரம்பெட் வாசிக்கிற அண்ணன் யாருடைய இசைத்தட்டை வாங்கி வருவான்? டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ்தான். ஆல்பத்தின் பெயர் 'ஃபோர் அண்ட் மோர்'.

ஜாஸ் என்றாலே, 'அதெல்லாம் விஷயம் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும், கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கும்' என்று ஒரு பேச்சு உண்டு. தன் விஷயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மெத்தீனி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த இசையைப் பற்றி அவருக்கு அன்று ஒன்றுமே தெரியாது. ஊசி தட்டில் பட்டது. சில நொடிகள்தான். அதற்கு மேல் அவருக்கு வேறு வாழ்க்கை இல்லை என்று ஆகிவிட்டது.

அந்த இசைத்தட்டுக்கே ஒரு கதை இருக்கிறது. 1964 பிப்ரவரி 12-ம் தேதி நியூயார்க்கில் நடந்த கச்சேரியின் பதிவு அது. மிசிசிப்பி, லூசியானா மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்துக்கு நிதி திரட்ட நடந்த கச்சேரி. தன் சம்பளத்தை மைல்ஸ் விட்டுக் கொடுத்தார். கூட வாசித்தவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். நல்ல காரியம்தான், ஆனால் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்று குழுவுக்குள் முணுமுணுப்பு. எல்லோரும் கொதிப்போடுதான் மேடை ஏறினார்கள். டிரம்ஸில் உட்கார்ந்திருந்த டோனி வில்லியம்ஸுக்கு வயது வெறும் 18!

கச்சேரி முடிந்ததும், 'சொதப்பிவிட்டோம்' என்ற சோர்வோடுதான் வீடு திரும்பினார்களாம். பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். பதிவைக் கேட்டபோதுதான் எவ்வளவு பிரமாதமாக வாசித்திருக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரிந்தது. அன்று வாசித்ததில் நிதானமான பாடல்கள் ஒரு ஆல்பமாகவும், வேகமானவை இன்னொரு ஆல்பமாகவும் வெளிவந்தன. அந்த வேகமான ஆல்பம்தான் லீஸ் சம்மிட் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கோபத்தில் வாசித்த வாசிப்பு. சிறுவனைப் பிடித்து உலுக்கியதில் என்ன ஆச்சர்யம்?

பீட்டில்ஸ் அலை அடித்த காலம் அது. பாட் 12 வயதில் டிரம்பெட்டை வைத்துவிட்டு கிட்டாரை எடுத்தான். வீட்டில் அதற்குப் பெரிய வரவேற்பு எல்லாம் இல்லை. ஆனால், மனசு முழுக்க ஜாஸ். ஜாஸ் வாசிக்கிற கிட்டார்காரர்களைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் வெஸ் மாண்ட்கோமரி.

வெஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1923-ல் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். கிட்டார் கற்றுக்கொள்ள அவர் யாரிடமும் போகவில்லை. இசைக் குறிப்புகளைப் படிக்கவும் தெரியாது. 20 வயதை ஒட்டி, சார்லி கிறிஸ்டியன் என்ற கலைஞரின் 'சோலோ ஃப்ளைட்' என்ற இசைத்தட்டைக் கேட்டார். கேட்டவர் போய் கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்துவிட்டார். சார்லி கிறிஸ்டியனோ 25 வயதிலேயே காசநோயால் இறந்து போனவர். விட்டுச் சென்றது சில இசைத்தட்டுகளைத்தான். அவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு ஸ்வரமாகப் பிடித்துப் பழகினார் வெஸ். உள்ளூர் கிளப்பில் வேலையும் கிடைத்தது. மேடையில் சார்லி கிறிஸ்டியன் வாசித்ததை அப்படியே வாசிப்பார், இறங்கிவிடுவார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது!

பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் ஒரு கிளப். அது முடிந்ததும் விடியும்வரை இன்னொரு கிளப். வீட்டில் ஏழு குழந்தைகள். பயிற்சி செய்ய மிச்சமிருந்த நேரமெல்லாம் அக்கம்பக்கத்தார் தூங்கும் நேரம். கிட்டார் கம்பியை 'பிக்' என்ற சின்ன வில்லையால் மீட்டினால் சத்தம் கணீரென்று கேட்கும். புகார் வந்தது. வெஸ் அந்த வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கட்டை விரலின் சதையால் மீட்ட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயந்து செய்த காரியம், கிட்டாருக்கு அதுவரை இல்லாத ஒரு குரலைக் கொடுத்தது. வெல்வெட் போன்ற குரல். அதோடு, ஒரே ஸ்வரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து மீட்டும் வித்தையும் அவருக்குக் கைவந்தது. இந்த இரண்டும்தான் வெஸ்ஸின் கையெழுத்து.

'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' என்ற 1965-ம் வருட ஆல்பத்தில் அதைக் கேட்டார் மெத்தீனி. பியானோவில் விண்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். மூவருமே மைல்ஸ் டேவிஸின் பட்டறையில் பட்டை தீட்டப்பட்டவர்கள். ஆல்பத்தின் பெயரில் ஹாஃப் நோட் என்ற நியூயார்க் கிளப் இருக்கிறது. ஆனால், முதல் பக்கத்தின் இரண்டு பாடல்கள்தான் அங்கே பதிவானவை. மற்றவை எல்லாம் பிறகு ஸ்டூடியோவில் வாசித்தவை. அந்தக் காலத்து இசைத்தட்டுக் கம்பெனிகளின் சாமர்த்தியம்!

மெத்தீனியைக் கட்டிப்போட்டது கிளப்பில் பதிவான 'இஃப் யூ குட் சீ மீ நவ்'. அதில் வெஸ் செய்திருக்கும் மனோதர்மம்தான், எல்லாக் காலத்துக்கும் தனக்குப் பிடித்த சோலோ என்கிறார். ஜாஸ் கிட்டாரில் இதைவிடச் சிறந்த ஆல்பம் வந்ததில்லை, வாசிக்கக் கற்றுக்கொண்டதே இதைக் கேட்டுத்தான் என்று அடித்துச் சொல்கிறார். கேட்பது என்றால் காபி குடித்துக்கொண்டே கேட்பதல்ல. ஊசியைத் தூக்கி, அதே இடத்தில் மறுபடி வைத்து, மறுபடி வைத்து... இசைத்தட்டு தேய்கிறவரை!

1968-ல் கன்சாஸ் சிட்டி ஜாஸ் விழாவுக்கு வெஸ் வந்தார். 13 வயது பாட் ஆட்டோகிராஃப் வாங்கினான். அதே வருடம் ஜூன் 15-ம் தேதி, மாரடைப்பால் வெஸ் இறந்து போனார். வயது 45.

சிறுவன் அப்போது தன் மானசீக குருவைப் போலவே கட்டை விரலால்தான் வாசித்துக்கொண்டிருந்தான். அதே இரட்டை ஸ்தாயி, அதே நெளிவு சுளிவு. கேட்டவர்கள் அசந்திருப்பார்கள். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய போதை! ஆனால், ஒரு கட்டத்தில் அவனுக்கே உறைத்தது. இது வெஸ்ஸின் சொத்து. வீட்டுச் சூழலும் வாழ்க்கையும் சேர்ந்து அவருக்குக் கொடுத்தது. அதை எடுத்துப் பயன்படுத்துவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது. கட்டை விரலை விட்டான். இரட்டை ஸ்தாயியையும் விட்டான்.

ஏகலைவன் கதை ஞாபகம் வருகிறதா? அங்கே மண் பொம்மை, இங்கே இசைத்தட்டு. அங்கே துரோணர் கட்டை விரலைக் கேட்டு வாங்கினார். இங்கே கேட்பதற்கு குருவே உயிரோடு இல்லை.

சுலபமான முடிவு இல்லை அது. கைக்கு நன்றாகப் படிந்த ஒன்றை விட்டுவிட்டு, தன்னுடையது எது என்றே தெரியாமல் தடவ வேண்டும். பாட் தடவினான். 15 வயதிலேயே கன்சாஸ் சிட்டியின் தேர்ந்த கலைஞர்களோடு மேடைகளில் வாசிக்கத் தொடங்கிவிட்டான். முதல் ஆல்பமான 'பிரைட் சைஸ் லைஃப்' 1976-ல் வந்தது. அதைக் கேட்கும் யாரும் வெஸ் என்று ஏமாற மாட்டார்கள். விரிந்த வயல்வெளியில் காற்று வீசுகிற மாதிரி ஓர் ஒலி. இன்றுவரை 20 கிராமி விருதுகள் வாங்கியிருக்கிறார் மெத்தீனி.

1990-ல் 'பேரலல் ரியாலிட்டீஸ்' என்றொரு ஆல்பம் வந்தது. அதில் மெத்தீனியோடு வாசித்திருப்பவர் ஹெர்பி ஹான்காக். ஆமாம், அண்ணன் வாங்கி வந்த இசைத்தட்டில் இருந்த அதே பியானோக்காரர்!

இப்போது ஊசியும் வேண்டாம், தட்டும் வேண்டாம். கையில் இருக்கும் போனிலேயே எல்லாம் கிடைக்கிறது. கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரவில், வீடு அடங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்', முதல் பக்கம், இரண்டாவது பாட்டு.